தண்டவாளம் போனாலும் தடம் போகக் கூடாது

மூடப்பட்ட ஒரு கிளைப் பாதையை மீண்டும் திறக்கக் கோரும் குழுவில் நான் சேர்ந்தபோது எனக்குத் தரப்பட்ட முதல் வேலை கையெழுத்து வாங்குவது. இரண்டு ஆண்டுகள் அதைத்தான் செய்தோம். மனு எழுதினோம், நினைவூட்டல் அனுப்பினோம், பதில் வராதபோது இன்னொரு மனு எழுதினோம். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் பழைய பாதையின் கரைமேல் நடந்துகொண்டிருந்தபோது, அதன் குறுக்கே புதிதாக ஒரு கம்பி வேலி நிற்பதைக் கண்டோம். அந்த இடத்தில் பாதையின் நிலத்தில் ஒரு துண்டு விற்கப்பட்டு, பதிவும் முடிந்திருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. விற்பனை அறிவிப்பு முறைப்படி வெளியாகித்தான் இருந்தது. ரயில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் நிலத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்த வேலியின் முன் நின்ற பிறகுதான், மூடிய பாதைகளை மீட்டவர்கள் உண்மையில் எதை மீட்டார்கள், மீட்க முடியாதவர்கள் எதை இழந்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு ரயில் பாதை என்றால் கண்ணுக்குத் தெரிவது தண்டவாளம். அதுதான் அந்தப் பாதையில் எளிதாக மாற்றக்கூடிய பொருள். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான ஸ்லீப்பர்களும் ஜல்லியும் சிக்னல் கம்பங்களும் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படுபவையே. மாற்ற முடியாதது அவற்றுக்கு அடியில் இருக்கும் தடம், அதாவது பாதை போகும் நிலக் கோடு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் அவ்வளவு பாரத்தை இழுக்கிறது, அதனால்தான் செங்குத்தான மேட்டில் அது திணறுகிறது. எழுபது அடி முன்னே போக ஓரடி ஏறுவதே முதன்மைப் பாதையில் கடுமையான ஏற்றம். கார்ச் சாலை குன்றைச் சுற்றி வளைந்து ஏறிவிடும். ரயிலுக்கு அந்த வளைவும் ஆகாது, அந்த ஏற்றமும் ஆகாது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நில அளவையாளர்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ரயில் போகக்கூடிய ஒரே கோட்டைத் தேடிக் கண்டுபிடித்து, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஆற்றின் மேல் பாலம் கட்டி வைத்தார்கள். இரண்டாவது கோடு பல இடங்களில் கிடையாது. இருந்தாலும் அதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டும். பழைய தடம் கையில் இருந்தால் ஓர் ஊருக்கு ரயில் திரும்ப வரலாம் என்பதும், அது துண்டாகிவிட்டால் பேச்சே இல்லை என்பதும் இதனால்தான்.

மூடும் முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதற்குப் பிரிட்டனைப் போல வெளிப்படையான பதிவு வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1963 மார்ச்சில் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் அளித்த அறிக்கை 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. அதற்கு அடிப்படையாக அமைந்த போக்குவரத்துக் கணக்கு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரத்தில் எடுக்கப்பட்டது. கோடை விடுமுறையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்கள் ஏப்ரலில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் அந்தக் கணக்கின் குறை விளங்கும். வருமானத்தையும் பயணச்சீட்டு விற்ற நிலையத்தின் பெயரிலேயே எழுதினார்கள். பெருநகரத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு கிராமத்துக்கு வந்து திரும்பிய பயணியின் பணம் பெருநகரத்தின் கணக்கில் ஏறியது. கிராமத்து நிலையம் யாரையும் ஏற்றாத நிலையமாகத் தாளில் தெரிந்தது. கிளையை வெட்டினால் கிளையில் வந்த பயணி பேருந்தில் ஏறி முதன்மைப் பாதைக்கு வந்து சேருவார் என்று கருதினார்கள். பலர் சேரவே இல்லை, கார் வாங்கிக்கொண்டார்கள்.

இதைவிட என்னை வருத்திய செய்தி ஒன்று உண்டு. மூடலை எதிர்த்து மக்கள் முறையிடுவதற்கென்று போக்குவரத்துப் பயன்படுத்துவோர் ஆலோசனைக் குழுக்கள் அங்கே இருந்தன. பாதை மூடப்பட்டால் பயணிகளுக்கு ஏற்படும் துன்பத்தைப் பற்றி மட்டுமே அக்குழுக்கள் விசாரிக்கலாம். செலவுக் கணக்கு சரிதானா, வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்று கேட்பது அவற்றின் வரம்புக்குள் வராது. எந்தக் கணக்கைக் காட்டி மூடுகிறார்களோ அதைக் கேள்வி கேட்க முடியாத மன்றத்தில் நின்று, மருத்துவமனைக்கு எப்படிப் போவேன், பள்ளிக்கு எப்படிப் போவேன் என்று சொல்லி அழுவதற்கு மட்டும் மக்களுக்கு இடம் தந்தார்கள். ஆகவே ஓர் இயக்கம் தொடங்குபவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்க வேண்டிய ஆவணம் அந்தக் கணக்கு எடுக்கப்பட்ட முறை: எந்த நாள், எந்த நேரம், எந்தச் சீட்டு, யார் பெயரில்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து ஹாயிக் வழியாக இங்கிலாந்தின் கார்லைல் வரை 98 மைல் ஓடிய வேவர்லி பாதையின் கதையை நான் எத்தனை முறை படித்தேன் என்று எண்ணியதில்லை. அதை மூடப்போகிறார்கள் என்றபோது ஹாயிக்கைச் சேர்ந்த மேட்ஜ் எலியட் என்ற இல்லத்தரசி 11,678 கையெழுத்துகளைத் திரட்டி, 1968 டிசம்பரில் லண்டனுக்குப் போய்ப் பிரதமர் இல்லத்தில் ஒப்படைத்தார். பயன் இல்லை. 1969 ஜனவரி 5ஆம் தேதி இரவு புறப்பட்ட கடைசி ரயிலை நியூகாசில்டன் கிராமத்து மக்கள் லெவல் கிராசிங் கதவுகளை அடைத்து நிறுத்தினார்கள். ஊர்த் தேவாலயத்தின் போதகர் கைது செய்யப்பட்டார். அதே ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கிவந்து பேசி, போதகரை விடுவித்தால் கூட்டம் கலையும் என்று உடன்பாடு செய்த பிறகே வண்டி நகர்ந்தது. குளிர்கால நள்ளிரவில் ஒரு சிறு கிராமம் முழுவதும் தண்டவாளத்தில் நின்ற அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆனால் அந்தப் பாதையின் எதிர்காலத்தை அந்த இரவைவிட அடுத்து வந்த ஆண்டுகள்தாம் தீர்மானித்தன. சில ஆண்டுகளுக்குள் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்தார்கள். எடின்பரோவின் புறவழிச்சாலை பழைய தடத்தின் குறுக்கே போடப்பட்டது. சாலை அகலப்படுத்தல், ஒரு ரவுண்டானா, வீட்டுமனைகள் என்று ஒவ்வொன்றும் அதனதன் நியாயத்தோடு வந்து, தடத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போயிற்று. எந்தத் திட்டமும் ரயிலைத் தடுக்கும் நோக்கத்தோடு தீட்டப்படவில்லை. ரயில் இனி வராது என்று எல்லோரும் எண்ணியதே போதுமானதாக இருந்தது.

ஆனால் ரயில் வந்தது. 1999இல் ஸ்காட்லாந்தின் எல்லைப்புற மக்கள் ஓர் இயக்கமாகத் திரண்டார்கள். 2006இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2015 செப்டம்பர் 6ஆம் தேதி எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை ரயில் ஓடத் தொடங்கியது. புதிதாக 30 மைல் பாதையும் 7 நிலையங்களும் அமைந்தன. திட்டச் செலவு 29.4 கோடி பவுண்டு. நியூட்டன்கிரேஞ்சுக்கு அருகே 23 வளைவுகள் கொண்ட பழைய கல்பாலம் இடிக்கப்படாமல் நின்றதால், அதன் மேலேயே புதிய தண்டவாளத்தைப் போட முடிந்தது. புறவழிச்சாலை வெட்டிய இடத்திலோ சாலைக்கு அடியில் புதிதாக வழி அமைக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவில் ஒரு பகுதி ரயிலுக்கான செலவே அன்று. இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகளில் தடத்தைக் காக்காமல் விட்டதற்குக் கட்டிய தண்டம் என்றுதான் அதைச் சொல்வேன். முதல் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 7 லட்சம் பயணங்கள் நடந்தன. ட்வீட்பேங்க் நிலையத்தில் அந்தக் காலத்தில் 19,000 பேர் வருவார்கள் என்று கணித்திருந்தார்கள்; வந்தவர்கள் ஏறத்தாழ 1,84,000 பேர். எடின்பரோவுக்கு அருகில் உள்ள சில நிலையங்களில் கணிப்பைவிடக் கூட்டம் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: நகரத்தின் ஓரத்தில் இருப்பவருக்குப் பேருந்து உண்டு, பள்ளத்தாக்கின் கோடியில் இருப்பவருக்கு இல்லை. ஸ்டோ என்ற சிற்றூர் முதல் திட்டத்தில் இடம்பெறவே இல்லை. ஊர் மக்கள் விடாமல் வாதாடித் தங்கள் நிலையத்தைத் திட்டத்துக்குள் சேர்க்கச் செய்தார்கள்; அங்கேயும் கணிப்பைப்போலப் பல மடங்கு பேர் ஏறினார்கள். எஞ்சின் ஒன்றுக்கு மேட்ஜ் எலியட்டின் பெயரைச் சூட்டினார்கள்.

அந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. செலவைக் குறைப்பதற்காகப் பெரும்பகுதியை ஒற்றைப் பாதையாகப் போட்டு, சில புதிய பாலங்களையும் ஒற்றைப் பாதையின் அகலத்துக்கே கட்டிவிட்டார்கள். ஒரு வண்டி தாமதமானால் எதிரே வரும் வண்டியும் காத்திருக்கிறது. தண்டவாளத்தைப் பின்னாளில் இரட்டிப்பாக்கலாம். குறுகலாகக் கட்டிய பாலத்தை மறுபடியும் கட்டத்தான் வேண்டும். எந்தப் பகுதியில் சிக்கனம் பார்க்கலாம், எந்தப் பகுதியில் பார்க்கக் கூடாது என்பதை இயக்கத்தினர் தொடக்கத்திலேயே பேச வேண்டும். பாதை கிடைத்தால் போதும் என்ற நிலையில் இதைப் பேசுவது நன்றிகெட்ட செயல் போலத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும்.

மூடப்படுவதற்கு முன்பே காப்பாற்றப்பட்ட பாதைக்கு வட இங்கிலாந்தின் செட்டில் - கார்லைல் பாதையைவிட நல்ல சான்று கிடையாது. 24 வளைவுகள் கொண்ட ரிப்பிள்ஹெட் பாலத்தைச் செப்பனிட முடியாத அளவுக்குச் செலவாகும் என்று சொல்லி 1980களில் அந்தப் பாதையை மூட முயன்றார்கள். 22,000க்கும் மேற்பட்ட எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. அவற்றுள் ஒன்று ரஸ்வார்ப் என்ற நாயின் பாதச் சுவடு பதிந்தது. கட்டணம் செலுத்தி அப்பாதையில் பயணம் செய்த நாய் என்பதால் அதன் ஆட்சேபமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று கார்ஸ்டேல் நிலையத்தின் நடைமேடையில் அதற்கு வெண்கலச் சிலை இருக்கிறது. இயக்கத்தினர் கையெழுத்தோடு நின்றுவிடவில்லை. ரயிலில் ஏறினார்கள், மற்றவர்களையும் ஏற்றினார்கள். 1983இல் ஒரு லட்சத்தைத் தொடாத பயணங்களின் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் நாலரை லட்சத்தை எட்டியது. 1989 ஏப்ரல் 11ஆம் தேதி மூடல் முயற்சி கைவிடப்பட்டது. பின்பு பாலத்தைச் செப்பனிட்டபோது ஆன செலவு, மூடுவதற்குக் காரணமாகக் காட்டிய தொகையைவிடக் குறைவு.

தடம் பிழைத்ததற்கும் பிழைக்காததற்கும் உள்ள வேறுபாட்டை அளந்து பார்க்க இரண்டு இடங்களைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஓக்ஹாம்ப்டனுக்கு வழக்கமான பயணிகள் சேவை 1972இல் நின்றுபோனது. அதற்கு அப்பால் இருந்த மெல்டன் கல் குவாரியிலிருந்து ரயில்வேக்கு ஜல்லி வர வேண்டியிருந்ததால் தண்டவாளத்தை யாரும் பெயர்க்கவில்லை. பாதையை மீண்டும் திறக்க முடிவு செய்தபோது 11 மைல் புதுத் தண்டவாளமும் 24,000 கான்கிரீட் ஸ்லீப்பர்களும் 20 நாட்களில் போடப்பட்டன. 2021 நவம்பர் 20ஆம் தேதி, திட்டமிட்ட காலத்துக்கு முன்பே, ஒதுக்கிய பணத்தில் மிச்சம் வைத்து, வண்டி ஓடியது. நிலத்தகராறு இல்லை, பாலம் கட்டும் வேலை இல்லை. சசெக்ஸ் பகுதியின் புளூபெல் பாதையில் நடந்தது வேறு. 1960இல் தன்னார்வலர்கள் அதன் ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்கள். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை அதை நீட்டிக்க எண்ணியபோது, வழியில் இருந்த இம்பர்ஹார்ன் வெட்டுப்பள்ளம் ஊர்க் குப்பையால் நிரப்பப்பட்டிருந்தது. மேட்டை வெட்டி ரயிலுக்கு வழி செய்த பள்ளத்தைக் குப்பை கொட்ட வாகான குழி என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். தன்னார்வலர்கள் நன்கொடை திரட்டி, 2008 முதல் அந்தக் குப்பையைத் தோண்டி லாரியிலும் பிறகு ரயிலிலுமாக அகற்றினார்கள். 2013 மார்ச்சில்தான் ரயில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டைத் தொட்டது.

சில தடங்களை இனி கேட்கவும் மனம் வராது. கேம்பிரிட்ஜ் அருகே லார்ட்ஸ் பிரிட்ஜில், ஆக்ஸ்போர்டு - கேம்பிரிட்ஜ் பாதை கிழக்கு மேற்காக நேர்கோட்டில் ஓடிய துண்டில், வானொலித் தொலைநோக்கிகளின் வரிசையை நிறுவிவிட்டார்கள். அந்த நேர்கோடுதான் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. வானியலுக்குப் பயன்பட்ட நிலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் மறுபடியும் ரயிலால் இணைக்க முனைந்தபோது, கிழக்குப் பகுதியில் பழைய வழி கிடைக்காமல் புதிய வழி தேட வேண்டியதாயிற்று என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இவற்றை எல்லாம் படித்த பிறகு, ரயிலை நிறுத்துவதும் நிலத்தை விடுவிப்பதும் இரண்டு தனித்தனி முடிவுகளாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டது. ஜெர்மனியில் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. வண்டி நின்றுபோன பிறகும், முறையாக விடுவிக்கப்படும் வரை அந்த நிலம் ரயில்வேக்கு உரிய நிலமாகவே கருதப்படும். பயணிகள் ரயில் 1966இல் நின்றுபோன ஷோன்பூக் பாதையை இரண்டு மாவட்டங்கள் சேர்ந்து வாங்கி 1996இல் மீண்டும் திறந்தன. கணித்ததைவிடக் கூட்டம் பெருகியதால், 2019இல் அது மின்மயமாகி, ஒரு பகுதி இரட்டைப் பாதையாகவும் ஆயிற்று. அமெரிக்காவில் 1983இல் ஒரு சட்டத் திருத்தம் வழியாக வேறோர் ஏற்பாடு வந்தது. கைவிடப்படும் பாதையைத் துண்டாக்காமல் நடைபாதையாகவோ சைக்கிள் பாதையாகவோ ஒப்படைக்கலாம், பின்னால் தேவைப்பட்டால் ரயிலுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் அச்சட்டம் செல்லும் என்றது. நடைபாதை வந்துவிட்டால் நடப்பவர்களே நாளை ரயிலை எதிர்ப்பார்களே என்று எங்கள் குழுவில் சிலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் நடப்பவரோடு பேசி ஒரு முடிவுக்கு வரலாம். தடத்தின் மேல் வீடு கட்டிக் குடியேறியவரை எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானின் தடாமி பாதையில் 2011 ஜூலை வெள்ளம் பாலங்களை அடித்துச் சென்று 27.6 கிலோமீட்டர் நீளத்துக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டது. வெள்ளத்துக்கு முன்பே அந்தப் பகுதியில் நாளுக்குச் சராசரியாக 49 பயணிகள்தாம். ரயில் நிறுவனம் பேருந்து விடலாம் என்றது. உள்ளூர் மக்களும் புகுஷிமா மாகாணமும் அதை ஏற்கவில்லை. பேச்சு நீண்டு, கடைசியில் தண்டவாளமும் பாலமும் மாகாணத்தின் சொத்து, வண்டியை ஓட்டுவது நிறுவனம் என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். 2022 அக்டோபர் 1ஆம் தேதி, பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, வண்டி வந்தது. சாலை போடும் அரசு சாலையின் மேல் ஓடும் வண்டிகளிடம் இலாபக் கணக்குக் கேட்பதில்லை. தடாமியில் தடத்துக்கும் அதே நியாயத்தைப் பொருத்தினார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். 49 பேருக்காகவா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: அந்த எண் கூடலாம், குறையலாம்; பாலத்தையும் நிலத்தையும் கைவிட்டிருந்தால் அந்த எண்ணைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இருந்திருக்காது.

எங்கள் குழு இப்போது வேலை செய்யும் விதமே மாறிவிட்டது. பழைய பாதையை முனை முதல் முனை வரை சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இன்று யார் பெயரில் இருக்கிறது, அதில் என்ன நிற்கிறது என்று ஒரு வரைபடத்தில் குறிக்கிறோம். கரையின் அடியில் நீர் போகும் மதகுகள் அடைபட்டிருக்கின்றனவா என்று மழைக்குப் பிறகு போய்ப் பார்க்கிறோம். கரையை அரிப்பது தேங்கும் தண்ணீரும் வேர்விட்ட மரங்களும்தான். நில விற்பனை அறிவிப்புகளையும் கட்டட அனுமதி விண்ணப்பங்களையும் வாரந்தோறும் ஒருவர் படிக்கிறார். தடத்தைத் தொடும் விண்ணப்பம் வந்தால், கட்டடத்தை வேண்டாம் என்று சொல்லாமல், சில மீட்டர் தள்ளிக் கட்டுங்கள் என்று எழுதுகிறோம். இப்படி எழுதிய கடிதங்களுக்கு, ரயில் வேண்டும் என்று எழுதிய மனுக்களைவிட விரைவாகப் பதில் வருகிறது. கையெழுத்து இயக்கத்தை நாங்கள் விட்டுவிடவில்லை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எதற்காகப் போக வேண்டும் என்ற விவரத்தையும் இப்போது கையெழுத்தோடு சேர்த்து வாங்குகிறோம். கால அட்டவணையை வகுக்கும் பொறியாளருக்குப் பெயர்களைவிட அந்த விவரம்தான் உதவும்.

மேட்ஜ் எலியட் கையெழுத்துத் திரட்டிய ஹாயிக்கிற்கு இன்னும் ரயில் வரவில்லை. ட்வீட்பேங்கோடு தண்டவாளம் நின்றுவிடுகிறது. ஹாயிக்கில் டெவியட் ஆற்றின் மேல் இருந்த பாலத்தை 1975இல் இடித்துவிட்டார்கள். நிலையம் இருந்த இடத்தில் விளையாட்டு, நீச்சல் வசதிகள் கொண்ட மையம் எழும்பிவிட்டது. அந்தப் பாதையைக் கார்லைல் வரை முழுமையாக மீட்க வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் வரைபடத்தில் வேலி நிற்கும் துண்டைச் சிவப்பில் குறித்திருக்கிறோம். அதற்கு வடக்கே உள்ள துண்டின் உரிமைப் பதிவைப் பார்க்க வரும் வாரம் இருவர் போகிறோம்.